கொல்லிமலைக் கிழங்கும் உங்கள் வீட்டு ஓவனும்

புது வீட்டுக்குக் குடி போன யார் வீட்டுச் சமையலறைக்குப் போனாலும் இப்போது ஒன்றைப் பார்க்கலாம். மர அலமாரிகளுக்கு நடுவே, கண் மட்டத்தில், கறுப்புக் கண்ணாடிக் கதவு போட்ட ஓவன் ஒன்று சுவரோடு சுவராகப் பதிந்து பளபளவென்று நிற்கும். விலை? உயர் ரகம் என்றால் சின்னக் கார் விலையில் பாதியைத் தொடும். கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே இரண்டு தோசைக்கல், ஒரு அப்பளக் கட்டு, போன தீபாவளிக்கு எடுத்த முறுக்கு அச்சு!

"என்னங்க செய்றது... கூட வந்த புஸ்தகத்துல என்னென்னவோ படம் போட்டிருக்கான். ஒண்ணும் புரியல" என்பார்கள் வீட்டம்மாக்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்தக் குறிப்புப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் வான்கோழியும் ஆப்பிள் பையும்தான். நம் வீட்டில் இருப்பது கேழ்வரகு, சாமை, மரவள்ளிக் கிழங்கு, மலைவாழைப்பழம்.

அதனால்தான் இந்தக் கட்டுரைக்குக் கொல்லிமலையைத் துணைக்கு அழைத்துக் கொண்டோம். விடுமுறைக்குப் போய் வருகிற குடும்பங்கள் அங்கிருந்து பைநிறைய எதையெல்லாம் வாங்கி வருகின்றனவோ, அதையெல்லாம் ஒவ்வொன்றாக ஓவனுக்குள் வைத்துப் பார்த்தால் அந்தக் குமிழில் உள்ள குறி ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் விளங்கிவிடும். ஒரே ஒரு பொருளை மட்டும் நேராக உள்ளே வைக்கக் கூடாது. அது ஏன் என்பதையும் சொல்கிறோம். இந்தக் கட்டுரையில் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டியது அதுதான்.

(ஒரு சின்ன விஷயம். 'அவன்' என்று எழுதுவதுதான் பலருக்கும் வழக்கம். 'அவனைச் சூடாக்கி, அவனுக்குள் கோழியை வைக்கவும்' என்று படித்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் வருகிறது! நாம் ஓவன் என்றே வைத்துக் கொள்வோம்.)

மலையும் தானியமும்

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. அடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும். மொத்தம் 70. மேலே போய்ச் சேர்வதற்குள் குழந்தைகளுக்கு ஒரு எலுமிச்சம்பழமாவது தேவைப்படும். செம்மேடு, சோளக்காடு, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை என்று சுற்றிவிட்டுத் திரும்பும்போது மிளகு, காபிக்கொட்டை, தேன், பலாப்பழம், அன்னாசி, மலைவாழை என்று கை நிறைந்துவிடும்.

ஆனால் அந்த மலையின் பழைய சொத்து சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும்தான். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக விதை காத்து வளர்த்த தானியங்கள் இவை. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்குக்குக் காசு கொடுக்க ஆரம்பித்ததும், தினை விளைந்த நிலமெல்லாம் கிழங்குக்கு மாறியது. வேறொரு காரணமும் உண்டு. சாமையை உமி நீக்குவது பெண்கள் தலையில் விழுந்த வேலை. உரலில் போட்டுக் குத்திக் குத்தித் தோள்பட்டை விட்டுப் போகும். சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் அங்கே வேலை தொடங்கியபோது, விதை காப்பதோடு உமி நீக்கும் சின்ன இயந்திரங்களையும் கிராமங்களுக்குக் கொண்டு போனது. பெண்கள் குழுக்கள் தானியத்தைச் சுத்தம் செய்து, மாவாக அரைத்துப் பொட்டலம் போட்டு விற்றார்கள். 2023-ம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நகரத்துக் கடைகளிலும் மவுசு கூடிவிட்டது.

சரி, ஓவனுக்கு வருவோம்.

கோடு, வளைவு, விசிறி

மைக்ரோவேவ் வேறு, இது வேறு. மைக்ரோவேவ் அலைகள் உணவில் உள்ள தண்ணீரைச் சூடாக்குகின்றன. அதனால் முறுகல் வராது. பதிக்கும் ஓவனில் மின்கம்பி சூடாகி, அந்தச் சூடு காற்று வழியாகவும் நேராகவும் உணவைத் தாக்குகிறது. நம் பாட்டிமார் அடுப்பில் மணல் போட்ட பாத்திரத்துக்குள் கேக் கிண்ணத்தை வைத்து மூடுவார்களே, தத்துவம் அதுவேதான். அதற்குப் பின்னால் வட்டமான அலுமினிய எலெக்ட்ரிக் ஓவன் வந்தது, மூடியில் சின்னக் கண்ணாடி வைத்து. இப்போது சுவருக்குள் வந்திருப்பது அதன் பேத்தி. ஆனால் பேத்திக்குத் திறமை அதிகம். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு சூடு வரவேண்டும் என்று நாம் சொல்லலாம்.

குமிழில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டிருந்தால் மேலும் கீழும் உள்ள கம்பிகள் சூடாகின்றன என்று அர்த்தம். காற்று அசையாது. மென்மையான சூடு. கேக்குக்கு இதுதான் சரி. வட்டத்துக்குள் விசிறி போட்டிருந்தால், பின்பக்கம் விசிறியைச் சுற்றியுள்ள வளையக் கம்பி சூடாகி, விசிறி அந்தச் சூட்டை மூலை முடுக்கெல்லாம் பரப்புகிறது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று தட்டு வைக்கலாம். சூடு வேகமாக உணவைச் சேர்வதால், புத்தகத்தில் 180 டிகிரி என்று இருந்தால் இதில் 160 போதும். (இங்கே சொல்வதெல்லாம் சென்டிகிரேடு.) மேலே வளைந்து வளைந்து ஒரு கோடு இருந்தால் அது கிரில். மேல்பக்கம் மட்டும் தணல் மாதிரி காய்கிறது. வளைகோட்டோடு விசிறியும் இருந்தால், தணலும் காற்றும் சேர்ந்து மேல் முறுக, உள்ளே வேகும். கீழே மட்டும் கோடு இருந்தால் அடிச்சூடு, பீட்சாவின் அடி நமுத்துப் போகாமலிருக்க. சிலவற்றில் மேகமோ நீர்த்துளியோ போட்டிருக்கும். அது ஆவி.

இவ்வளவுதான். உயர் ரகத்தில் முப்பது நாற்பது 'புரோகிராம்' இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் மிரள வேண்டாம். எல்லாம் இந்த ஐந்தாறின் சேர்க்கைதான்.

கேழ்வரகு ஏமாற்றும்

விசிறிக் குறிக்கு முதல் பாடம் கேழ்வரகு பிஸ்கட். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தானியங்களில் இதற்கு ஈடு கிடையாது. வளரும் பிள்ளைகளுக்கும், ஐம்பது தாண்டிய அம்மாக்களுக்கும் இது பெரிய விஷயம். ஒரு கப் வறுத்த கேழ்வரகு மாவு, ஒரு கப் கோதுமை மாவு, அரைக் கப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக வெண்ணெய், அரைக் கப் நாட்டுச் சர்க்கரை, ஏலக்காய்த்தூள், தேவைக்குப் பால். பிசைந்து, விரல் தடிமனில் பாதியாகத் தட்டி, இரண்டு தட்டில் பரப்பி, முன்பே சூடாக்கிய ஓவனில் 150 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'பொன்னிறமானதும் எடுக்கவும்' என்பது மைதாவுக்குச் சொன்னது. கேழ்வரகு பச்சை மாவிலேயே கருஞ்சிவப்பு. கண்ணால் பார்த்தால் வெந்ததும் தெரியாது, தீய்ந்ததும் தெரியாது. வாசனையையும் கடிகாரத்தையும்தான் நம்ப வேண்டும். ஓரம் தொட்டால் கெட்டி, நடு லேசாக அமுங்கினால் எடுத்துவிடுங்கள். ஆறியதும் தானாக முறுகிக் கொள்ளும்.

தீய்ந்தால் என்ன, சுரண்டிவிட்டுச் சாப்பிடலாமே என்கிறீர்களா? வேண்டாம். மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் சுடும்போதும் பொரிக்கும்போதும் அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது என்று 2002-ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1994-லேயே சந்தேகப் பட்டியலில் வைத்த பொருள் அது. எவ்வளவு கருகுகிறதோ அவ்வளவு கூடும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்த மாவு சீக்கிரம் கருகும். அதற்காக பிஸ்கட்டே சாப்பிடக் கூடாது என்று பயப்படத் தேவையில்லை. சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கொஞ்சம் கூட்டி, கருகியதைக் குப்பையில் போட்டால் போதும்.

தினை மாவு கேக் வேறு மாதிரிப் படுத்தும். தினையிலும் சாமையிலும் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற பசைப் புரதம் கிடையாது. அதனால் கேக் எழும்பும், எழும்பிய வேகத்தில் உதிரும். அதைப் பிடித்து வைக்க ஏதாவது ஒட்டு வேண்டும். முட்டை சாப்பிடுபவர்கள் முட்டை, மற்றவர்கள் கெட்டித் தயிரும் நன்றாகப் பழுத்த மலைவாழை இரண்டும். மேல்கோடு கீழ்கோடு குறி, 170 டிகிரி, முக்கால் மணி நேரம். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். பிள்ளைகள் எட்டிப் பார்க்கத்தான் உள்ளே விளக்கு இருக்கிறதே!

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. சாமை பிஸ்கட், தினை கேக் என்று பெயர் வைத்துவிட்டால் ரத்தச் சர்க்கரை மரியாதை கொடுத்து இறங்கிவிடாது. நைசாக அரைத்த மாவு, முழுத் தானியத்தை விடச் சீக்கிரம் சர்க்கரையாக மாறும். அதோடு வெல்லமும் வெண்ணெயும் சேர்ந்தால் அது பலகாரம்தான், மருந்தல்ல. உங்களுக்கு ஏற்றது சாமைச் சோறு, அதுவும் அளவாக. அதற்கு ஓவனே வேண்டாம்.

கிழங்கு: இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்

மலையிலிருந்து இறங்கும் வழியில் மரவள்ளிக் கிழங்கு குவித்து வைத்திருப்பார்கள். சேலம், நாமக்கல்காரர்களுக்கு அது குச்சிக்கிழங்கு, கன்னியாகுமரிக்காரர்களுக்கு மரச்சீனி. நாலு கிலோ வாங்கி டிக்கியில் போட்டுக் கொண்டு வருகிறோம். வீட்டில் உருளைக்கிழங்கு ஓவனில் சுட்டு நன்றாக வந்திருக்கிறது. இதையும் அப்படியே தோலோடு வைத்துச் சுட்டால் என்ன என்று தோன்றும்.

செய்யாதீர்கள்.

மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. கிழங்கின் திசுக்கள் நசுங்கும்போதும் வெட்டுப்படும்போதும் கிழங்கிலேயே உள்ள ஒரு நொதி அதைப் பிரித்து ஹைட்ரஜன் சயனைடாக மாற்றுகிறது. சயனைடு வாயு, காற்றோடு போய்விடும். எனவே துண்டு போட்டு, ஊற வைத்து, நிறையத் தண்ணீரில் வேக வைத்தால் நச்சில் ஒரு பகுதி ஆவியாகிறது, ஒரு பகுதி தண்ணீரில் கரைகிறது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெருமளவு தீர்ந்தது. ஓவனில் முழுசாக வைத்தால் என்ன ஆகிறது? சூடு ஏறியதும் அந்த நொதி முதலில் செத்துப் போகிறது. லினமரின் பிரியாமல், கரைந்து போகத் தண்ணீரும் இல்லாமல், கிழங்குக்குள்ளேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. அதைச் சாப்பிட்டால் வயிற்றுக்குள் போய் அங்குள்ள கிருமிகள் பிரிக்கும். ஆவியில் அவிப்பதும் மைக்ரோவேவில் முழுசாக வைப்பதும் ஏறக்குறைய இதே கதைதான்.

"நாங்க காலங்காலமா சாப்பிடறோமே, ஒண்ணும் ஆகலையே?" என்பீர்கள். உண்மைதான். வீட்டுக்கு விற்கும் கிழங்கு பெரும்பாலும் நச்சு குறைந்த சுவை வகை. கிலோவுக்கு 50 மில்லிகிராம் சயனைடுக்குள் இருந்தால் சுவை வகை என்பது உலக உணவுத் தர விதி. ஆனால் ஆலைக்கென்று பயிராகும் ரகங்களில் மாவு அதிகம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆலையில் அரைத்துக் கழுவும்போது நச்சு போய்விடுவதால், குறைவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1971-ல் வெளியிட்ட எச்-226 போன்ற ரகங்கள் நம் சேலம், நாமக்கல் வயல்களில் பரவியது ஆலைகளுக்காகத்தான். சாலையோரக் குவியலில் இருப்பது எந்த ரகம் என்று பார்வையில் சொல்ல முடியாது. வறட்சியில் வளர்ந்த செடியின் கிழங்கிலும் நச்சு கூடும். கன்னியாகுமரி, கேரளத்துப் பெண்கள் கிழங்கு கொதித்ததும் முதல் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறார்களே, அது அனுபவம் கற்றுக் கொடுத்த வைத்தியம்.

அப்படியானால் ஓவன் வேண்டாமா? தாராளமாக வேண்டும், இரண்டாவது வேலைக்கு. வெளிப் பழுப்புத் தோலோடு உள்ளே இருக்கும் தடித்த தோலையும் உரித்துவிடுங்கள். அதில்தான் நச்சு அதிகம். கட்டைவிரல் அளவுக்கு நறுக்கி, நடு நரம்பை எடுத்துத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கிழங்கைப் போல் நாலைந்து மடங்கு தண்ணீர் வைத்து, உப்புப் போட்டு, மூடாமல் கொதிக்க விடுங்கள். குக்கர் வேண்டாம். முக்கால் வேக்காட்டில் தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீரில் முழுசாக வேக விட்டு, மறுபடி வடியுங்கள். ஈரம் காய்ந்ததும் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், ஒன்றிரண்டாகப் பொடித்த கொல்லிமலை மிளகு, கறிவேப்பிலை, பூண்டு சேர்த்துப் பிசறித் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். வளைகோடும் விசிறியும் சேர்ந்த குறி, 200 டிகிரி, 20 நிமிடம். நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. கால் லிட்டர் எண்ணெயில் பொரிக்க வேண்டிய பண்டம் இரண்டு ஸ்பூனில் முடிந்தது!

வாயில் போட்டதும் கசந்தால் துப்பிவிட்டு மொத்தத்தையும் கொட்டுங்கள். காசு போனால் போகட்டும். கிழங்கு சாப்பிட்ட சில மணி நேரத்தில் தலைசுற்றல், வாந்தி, தலைவலி, மூச்சு வாங்குதல் வந்தால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, கை வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சாப்பிட்டது மரவள்ளி என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மற்றவை

ஆவிக் குறி இருந்தால் சாமைப் புட்டும் கேழ்வரகு இடியாப்பமும் 100 டிகிரியில் அழகாக வரும். ஆனால் இதற்காகக் கூடுதல் பணம் கொடுத்து ஆவி ஓவன் வாங்க வேண்டுமா என்றால், இட்லிப் பானை உள்ள வீட்டுக்குத் தேவையில்லை என்பதே எங்கள் கட்சி. உப்புத் தண்ணீர் ஊரில் அதன் தொட்டியில் சுண்ணாம்பு படிந்து, அதைக் கரைப்பது தனி வேலை. மலையிலேயே வீடு இருப்பவர்களுக்கு வேறு சங்கடம். 1200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவிப் பண்டம் வேகக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும். கேக்குக்குச் சோடா மாவைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். காற்றழுத்தம் குறைவு என்பதால் பொங்கிவிட்டு நடுவில் குழியும்.

பலாச்சுளையை 65 டிகிரியில், விசிறிக் குறியில், சில மணி நேரம் உலர்த்தலாம். அன்னாசி வில்லைகளைக் கிரிலில் 8 நிமிடம் வாட்டினால் தனி ருசி. தேனை மட்டும் ஓவனுக்குள் அனுப்பாதீர்கள். சூட்டில் அதன் மணமும் குணமும் போகும். ஆறிய பிறகு மேலே ஊற்றுங்கள். அசைவக்காரர்களுக்கு உயர் ரக ஓவன்களில் ஒரு நல்ல வசதி, இறைச்சிக்குள் குத்தி வைக்கும் வெப்பமானி. முழுக் கோழியின் தொடைப் பகுதியில் குத்தி, உள்ளே 75 டிகிரி காட்டியபின் எடுத்தால் கிருமி பயமில்லை.

வாங்கப் போகிறீர்களா?

எலெக்ட்ரீஷியனை ஓவன் வந்த பிறகு கூப்பிடாதீர்கள், தச்சரோடு சேர்த்தே கூப்பிடுங்கள். இது 3 கிலோவாட் வரை இழுக்கும். மிக்ஸி பிளக்கில் செருகும் சமாசாரம் இல்லை. தனி ஒயர், 16 ஆம்பியர் இணைப்பு, தனி எம்.சி.பி., நல்ல எர்த் அவசியம். இன்வெர்ட்டரில் ஓடாது. ஒரு மணி நேரம் 180 டிகிரியில் சமைத்தால் சுமார் ஒரு யூனிட் ஆகும். பின்பக்கம் காற்றுப் போக இடம் விட வேண்டும். அணைத்த பிறகும் சிறிது நேரம் விசிறி ஓடுகிறதே என்று மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள். உள்ளிருக்கும் பாகங்களை அது குளிர வைத்துக் கொண்டிருக்கிறது.

எந்த உயரத்தில் பதிப்பது? இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே. மூட்டுவலிக்காரர்கள் குனிந்து நிமிர வேண்டாம், தவழும் குழந்தையின் கையும் கதவுக்கு எட்டாது. கதவில் மூன்று அடுக்குக் கண்ணாடி இருந்தால் வெளிப்பக்கம் அதிகம் சுடாது. குழந்தைப் பூட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் பாத்திரங்கள் சரி. பிளாஸ்டிக்கும் மெலமைனும் கூடாது. சுடச்சுட எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை ஈரமான கடப்பா மேடையில் வைத்தால் படீரென்று வெடிக்கும், மரப்பலகையில் வையுங்கள். ஓவன் தரையில் அலுமினியத் தாள் விரிக்காதீர்கள். சூடு தேங்கி அடிப்பூச்சு பாழாகும்.

பைரோலிசிஸ் என்று ஒன்றைச் சொல்லி விலையைக் கூட்டுவார்கள். ஓவன் தானே 500 டிகிரி அளவுக்குச் சூடாகி, உள்ளே ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் சாம்பலாக்கிவிடும். நாம் ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாரம் இரண்டு நாள் கோழி வாட்டும் வீட்டுக்கு அது வரப்பிரசாதம். எப்போதாவது பிஸ்கட் சுடும் வீட்டுக்கு வெந்நீரும் சமையல் சோடாவும் போதும், அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். இருக்கிறவர்கள் அதை ஓட்டும்போது தட்டுகளையும் கம்பி வலையையும் வெளியே எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தைகளையும் ஆஸ்துமாக்காரர்களையும் வேறு அறைக்கு அனுப்புங்கள். வீட்டில் கிளியோ லவ் பேர்ட்ஸோ இருந்தால் கூண்டை முதலிலேயே மாடிக்குக் கொண்டு போய்விடுங்கள். அந்தப் புகையை நம்மை விடப் பறவைகளின் நுரையீரல் துளியும் தாங்காது.